கணினிக்காரர்களின் கேலிச் சுருக்கங்கள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“அது பெப்காக் கேஸ், டிக்கெட்டை மூடிடு.” மென்பொருள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் காதில் இப்படி ஒரு வாக்கியம் சீக்கிரமே விழும். (டிக்கெட் என்பது பயனர் சொன்ன பிரச்சினைக்கான பதிவு.) சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். புதியவரும் ஒப்புக்குச் சிரித்துவைத்து, பெப்காக் என்பது ஏதோ நெட்வொர்க் பிழை என்று நோட்டில் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பை அடித்து அழிக்க உதவுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் துறையில் உண்மையான சுருக்கப்பெயர்களே அளவுக்கு மீறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை வைத்து மூன்றெழுத்துச் சுருக்கம் 17,576 வரை உண்டாக்கலாம். அதில் பாதிக்கு மேல் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் பல நேரம் தோன்றும். இதைக் கிண்டல் செய்யவே டி.எல்.ஏ. என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: த்ரீ லெட்டர் அக்ரோனிம். மூன்றெழுத்துச் சுருக்கம் என்பதற்கே மூன்றெழுத்துச் சுருக்கம். நான்கெழுத்து வேண்டுமா? இ.டி.எல்.ஏ., அதாவது ‘நீட்டிக்கப்பட்ட மூன்றெழுத்துச் சுருக்கம்’. இவையெல்லாம் நிஜச் சுருக்கங்களின் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்பதால், எது வேலை, எது விளையாட்டு என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

படி 1: யார் மேல் கேலி என்று பாருங்கள்

விரிவாக்கத்தைத் தேடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயனர் மேலா, ஏதாவது ஒரு தயாரிப்பின் மேலா, பெயரிட்டவர் தன் மேலேயேவா, அல்லது துறையின் விறைப்பான ஆவணங்கள் மேலா? பேச்சின் போக்கிலேயே பெரும்பாலும் இது தெரிந்துவிடும். அது தெரிந்தால் எங்கே சிரிக்கலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். விரிவாக்கத்தைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: பயனர் மேல் பாயும் கேலிகளைப் புரிந்துகொள்ளுங்கள், பயன்படுத்தாதீர்கள்

பெப்காக்: ‘பிராப்ளம் எக்ஸிஸ்ட்ஸ் பிட்வீன் கீபோர்டு அண்ட் சேர்’. விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில்தான் கோளாறு. நடுவில் இருப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிக்னிக் இதன் தம்பி: ‘பிராப்ளம் இன் சேர், நாட் இன் கம்ப்யூட்டர்’. “எட்டாவது அடுக்கில் பிரச்சினை” என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான். நெட்வொர்க் பாடத்தில் வரும் ஓ.எஸ்.ஐ. மாதிரியில் மொத்தம் ஏழு அடுக்குகள். அதற்கு மேல் எட்டாவது என்றால், திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

ஐ.டி. டென் டி என்பது இன்னும் குசும்பானது. காதில் விழும்போது பிழை எண் மாதிரியே இருக்கும். பயனரிடமே “சார், இது ஐ.டி. டென் டி எரர்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். அவர் அதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, பத்தை எண்ணாகப் போட்டுப் படித்தால் ‘இடியட்’ என்று வரும்.

இந்த வகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: டிக்கெட்டில் எழுதாதீர்கள். டிக்கெட்டைப் பயனரும் திறந்து படிக்கலாம், அவருடைய மேலாளரும் படிக்கலாம். பெப்காக்கை இணையத்தில் தேடினால் பொருள் உடனே வந்துவிடும். என் கணக்கில் இந்த வகைதான் மொத்தக் கூட்டத்திலேயே மட்டமானது. ‘சேமி’ பொத்தானையும் ‘அழி’ பொத்தானையும் ஒட்டி ஒட்டி வைத்துவிட்டு, தவறாக அழுத்தியவரைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன சாமர்த்தியம்?

ஆர்.டி.எஃப்.எம். என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ‘கையேட்டைப் படி’ என்பது பொருள். நடுவில் வரும் எஃப் ஒரு கெட்ட வார்த்தை. அதை ‘ஃபைன்’ என்று விரிப்பவர்களும் உண்டு, கேட்பவர் முகத்தைப் பொறுத்து.

படி 3: தயாரிப்புகள் மேல் வரும் கேலியில் புகாரைத் தேடுங்கள்

ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு வேறு விரிவாக்கம் கொடுப்பது இந்த வகை. புதியவருக்கு உண்மையிலேயே பயன்படுவது இதுதான். கேலிக்குள் ஒரு பயனர் அனுபவம் பொட்டலமாக இருக்கும்.

லிஸ்ப் மொழியை எடுத்துக்கொள்வோம். 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. பட்டியல்களைக் கையாள்வது என்ற பொருளில் வந்த பெயர். அதை நிரலர்கள் ‘லாட்ஸ் ஆஃப் இரிட்டேட்டிங் சூப்பர்ஃபுளுவஸ் பேரன்தெசிஸ்’ என்று விரித்தார்கள்: எரிச்சலூட்டும் வீண் அடைப்புக்குறிகள் ஏராளம். லிஸ்ப் நிரல் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும், புகார் நியாயமானது என்று ஒப்புக்கொள்வீர்கள்.

மடிக்கணினியில் அட்டை செருகும் வசதிக்குத் தரம் வகுத்த அமைப்பின் பெயர் பி.சி.எம்.சி.ஐ.ஏ. இதைத் தட்டுத் தடுமாறாமல் சொன்னவர்கள் குறைவு. ஆகவே மக்கள் வைத்த விரிவாக்கம்: ‘பீப்பிள் காண்ட் மெமரைஸ் கம்ப்யூட்டர் இண்டஸ்ட்ரி அக்ரோனிம்ஸ்’. கணினித் துறைச் சுருக்கங்களை மனிதர்களால் மனப்பாடம் செய்ய முடியாது. ஆறு எழுத்தும் சிந்தாமல் சிதறாமல் உட்கார்ந்திருக்கிறது, புகாரும் அதே பெயரைப் பற்றியதாகவே இருக்கிறது. இந்த வகையில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்திக்கு ‘எய்ட் மெகாபைட்ஸ் அண்ட் கான்ஸ்டன்ட்லி ஸ்வாப்பிங்’ என்று பெயர். எட்டு மெகாபைட் நினைவகத்தை விழுங்கிவிட்டு, அதுவும் போதாமல் வட்டோடு மல்லுக்கு நிற்கிறது என்று பொருள். இன்று கைப்பேசியில் ஒரு புகைப்படமே அந்த அளவைத் தொடும். இதைக் கேட்டு இப்போது சேர்ந்த ஒருவர் ‘எட்டுதானா, பரவாயில்லையே’ என்று நினைத்தால் தப்பில்லை. கேலிச் சுருக்கங்களுக்கும் காலாவதித் தேதி உண்டு.

டி-விம் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘டூ வாட் ஐ மீன்’, அதாவது நான் என்ன நினைத்தேனோ அதைச் செய். 1960-களில் வாரன் டைட்டல்மன் என்பவர் லிஸ்ப் அமைப்புக்காக எழுதிய வசதி இது. தட்டச்சுப் பிழை இருந்தால் அதுவே ஊகித்துத் திருத்திக்கொள்ளும். நிரலர்கள் வட்டாரத்தில் வழங்கும் கதை இது: ஒருவர் வேலை பார்த்த கணினியில், உரைத்திருத்தி தன் காப்புக் கோப்புகளின் பெயருக்குக் கடைசியில் டாலர் குறி போட்டு வைக்கும். இடத்தைக் காலி செய்யலாம் என்று அவர் ‘டாலர் குறியில் முடியும் எல்லாவற்றையும் அழி’ என்று கட்டளையிட்டார். அப்படிப்பட்ட கோப்பு எதுவும் அப்போது இல்லை. டி-விம் யோசித்தது. டாலர் குறி கைதவறி விழுந்திருக்கும் என்று முடிவு செய்து, ‘எல்லாவற்றையும் அழி’ என்று கட்டளையைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த வசதிக்கு ‘டேம் வாரன்ஸ் இன்ஃபெர்னல் மெஷின்’ என்று மறுபெயர் கிடைத்ததில் வியப்பில்லை. வாரனின் நாசமாய்ப்போன எந்திரம்!

படி 4: தன்னையே விழுங்கும் பெயரை விரித்துக்கொண்டே போகாதீர்கள்

யூனிக்ஸ் இயங்குதளத்தைப் போலவே ஒன்றை உருவாக்கும் திட்டம் குனு. விரித்தால் ‘குனுஸ் நாட் யூனிக்ஸ்’, குனு யூனிக்ஸ் அல்ல. சரி, அதில் வரும் குனு என்றால்? மறுபடியும் அதேதான். முடிவே இல்லை. ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ரிகர்ஷன் நிரலாக்கத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதைப் பெயரிலேயே செய்துகாட்டுவது நிரலர்களுக்குத் தீராத ஆசை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனுவை அறிவிப்பதற்கு முன்பே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வட்டாரத்தில் இந்தப் பழக்கம் இருந்தது. அங்கே ஈமேக்ஸ் போலவே ஒன்றைச் செய்து ‘ஐனெ’ என்று பெயரிட்டார்கள்: ‘ஐனெ இஸ் நாட் ஈமேக்ஸ்’. அதற்கு அடுத்து வந்தது ‘ட்ஸ்வை’: ‘ட்ஸ்வை வாஸ் ஐனெ இனிஷியலி’, ட்ஸ்வை முதலில் ஐனெயாக இருந்தது. ஜெர்மன் மொழியில் ஐனெ ஒன்று, ட்ஸ்வை இரண்டு. பதிப்பு எண், முன்கதை, தற்சுட்டல் மூன்றையும் நான்கு எழுத்தில் அடைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஜோடி இதுதான்.

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்களை ஓட்ட உதவும் வைன், ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’. இணையப் பக்கங்களுக்கான பி.எச்.பி. மொழி தொடக்கத்தில் ‘பர்சனல் ஹோம் பேஜ்’ என்றுதான் இருந்தது. பிறகு ‘பி.எச்.பி.: ஹைப்பர்டெக்ஸ்ட் பிரீபிராசசர்’ என்று மாற்றிக்கொண்டார்கள். தரவை எழுதிவைக்கும் வடிவமான யாம்ல் முதலில் ‘இன்னும் ஒரு மார்க்கப் மொழி’ என்ற பொருளில் வந்தது, அப்புறம் ‘யாம்ல் மார்க்கப் மொழியே அல்ல’ என்று தலைகீழாகிவிட்டது. நேர்காணலில் யாராவது இவற்றின் விரிவாக்கத்தைக் கேட்டால் ஒரு சுற்று மட்டும் விரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: அழகாகப் பொருந்தும் விரிவாக்கத்தைச் சந்தேகப்படுங்கள்

பெயர் முதலில் வந்து, விரிவாக்கம் பின்னால் தைக்கப்பட்டிருக்கலாம். இதில்தான் அனுபவசாலிகளும் வழுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை 1983-இல் எழுதியவர் மைக் மூஸ். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ‘பிங்’ சத்தத்தைத்தான் பெயராக வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்பது பிறகு ஒட்டவைத்தது. ஸ்கேனர்களைக் கணினியோடு இணைக்கும் ட்வெய்ன் தரமும் அப்படியே. இரண்டும் ஒருநாளும் சந்திக்காது என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலக் கவிதை வரியிலிருந்து எடுத்த சொல் அது. ஸ்கேனரையும் கணினியையும் சந்திக்க வைப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு கஷ்டமாக இருந்தது. பெயரைப் பெரிய எழுத்துகளில் போட்டார்கள். உடனே எல்லாரும் விரிவாக்கம் எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போட்டியே வைத்துப் பார்த்தும் எதுவும் தேறவில்லை. ‘டெக்னாலஜி விதவுட் அன் இன்ட்ரஸ்டிங் நேம்’, சுவையான பெயர் அமையாத தொழில்நுட்பம் என்ற கேலிதான் நிலைத்தது. இன்று பலர் இதையே அதிகாரபூர்வ விரிவாக்கம் என்று ஒப்பிக்கிறார்கள்.

1983-இல் வந்த ஆப்பிள் லிசா கணினிக்கு நிறுவனம் ‘லோக்கலி இன்டகிரேட்டட் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர்’ என்று விளக்கம் தந்தது. துறைக்குள் நடமாடிய விரிவாக்கம் ‘லெட்ஸ் இன்வென்ட் சம் அக்ரோனிம்’, ஏதாவது ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடிப்போம் வா. அது தன் மகளின் பெயர்தான் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, கேலி விரிவாக்கம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

சோதிப்பது எப்படி? பெயர் ஏற்கெனவே அகராதியில் இருக்கும் சொல்லாக இருந்து, விரிவாக்கம் மட்டும் இழுத்துக் கட்டியது போலத் தெரிந்தால் உஷாராகுங்கள். அந்தப் பொருளின் மிகப் பழைய ஆவணத்தைத் திறந்து, அதில் விரிவாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் பின்னால் வந்ததுதான்.

படி 6: ஆவணத்தின் தேதியைப் பாருங்கள்

இணையம் இயங்கும் விதிகள் ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண்ணிட்ட ஆவணங்களில் இருக்கின்றன. வறட்டு நடை, அட்டவணைகள், ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’ என்ற சொற்கள். அதே வறட்டு நடையில் ஏப்ரல் 1 தேதியிட்டு அவ்வப்போது ஒன்று வரும்.

ஆர்.எஃப்.சி. 1149, 1990-இல் வந்தது. இணையத் தரவுப் பொட்டலங்களைப் புறாக்காலில் கட்டி அனுப்பும் முறையை விளக்குகிறது. 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழு இதை நிஜமாகவே செய்துபார்த்தது. 9 பிங் அனுப்பியதில் 4-க்குப் பதில் வந்தது. வேகமான பதிலுக்கே 50 நிமிடங்களுக்கு மேல் ஆனது, மெதுவானதற்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம்.

எச்.டி.சி.பி.சி.பி. என்பது 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2324. ‘ஹைப்பர் டெக்ஸ்ட் காபி பாட் கன்ட்ரோல் புரோட்டோகால்’: காபிப் பாத்திரத்தை இணையம் வழியே இயக்கும் நெறிமுறை. இதில் உள்ள 418 என்ற பிழை எண்ணுக்கு ‘நான் ஒரு தேநீர்க் கெண்டி’ என்று பொருள். கெண்டியிடம் காபி கேட்டால் அது அப்படித்தான் பதில் சொல்லும். இந்த எண்ணைப் பல மென்பொருள் நூலகங்கள் சேர்த்துக்கொண்டன. நீக்கலாம் என்று பேச்சு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்.டி.டி.பி.-க்கு 2022-இல் வெளியான விதிகளில் 418-ஐ வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கியே வைத்துவிட்டார்கள். உங்கள் பதிவுக் கோப்பில் 418 தென்பட்டால் பதறாதீர்கள், யாரோ ஒரு சகா வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

எல்லாமே இப்படிப் பொய்யாகவே நின்றுவிட்டவை என்றும் நினைத்துவிடாதீர்கள். எச்.சி.எஃப்., ‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’, நின்று தீப்பிடி என்ற கட்டளை, வெறும் வேடிக்கையாகத்தான் பேசப்பட்டது. பிறகு மோட்டோரோலா 6800 சில்லில் ஆவணப்படுத்தாத ஒரு கட்டளையைக் கொடுத்தபோது, அது நினைவக முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிவில்லாமல் படித்துக்கொண்டே போனது. ரீசெட் செய்யாமல் நிற்கவில்லை. வேடிக்கைக்கு வைத்திருந்த பெயர் அதற்கே நிலைத்துவிட்டது. தீ மட்டும் பிடிக்கவில்லை.

படி 7: பெயர் செய்யும் வேலையைக் கவனியுங்கள்

இங்கே கேலி ஓர் உத்தியாகவே பயன்பட்டிருக்கிறது. 2000-இல் மார்ட்டின் ஃபவுலர், ரெபெக்கா பார்சன்ஸ், ஜோஷ் மெக்கன்ஸி என்ற மென்பொருள் வல்லுநர்கள் மூவரும் ஒரு கருத்தரங்க உரைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜாவா நிரல்மொழியில் சாதாரணப் பொருள்களை (ஆப்ஜெக்ட்) வைத்தே நிறைய வேலை முடியும்போது, ஏன் எல்லாரும் சிக்கலான அமைப்புகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று யோசித்தார்கள். சாதாரணப் பொருளுக்குப் பகட்டான பெயர் இல்லாததுதான் காரணம் என்று தோன்றியது. போஜோ என்று வைத்தார்கள்: ‘பிளெய்ன் ஓல்ட் ஜாவா ஆப்ஜெக்ட்’, பழைய சாதா ஜாவாப் பொருள். சட்டென்று ஒட்டிக்கொண்டது. இன்று வேலை விளம்பரங்களில்கூட அது வருகிறது.

தரவுத்தளத்தில் ஆசிட் என்ற நான்கு உறுதிமொழிகள் உண்டு. அவற்றைத் தளர்த்தி வேலை செய்யும் முறைக்கு பேஸ் என்று பெயர் வைத்தார்கள். வேதியியலில் அமிலத்துக்கு எதிர் காரம் அல்லவா? அதற்காகவே எழுத்துகளை வளைத்துப் பிடித்தார்கள்.

படி 8: சொந்தமாக ஒன்று செய்யுங்கள், தமிழில்

புகாரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் குழுவில் தினமும் புலம்பும் விஷயம் எது? அதைக் கேட்டதும் வாயில் வரும் தமிழ்ச் சொல் எது? அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உடையுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிடலாம். மற்ற ஒவ்வொன்றுக்கும் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும்.

இங்கே தமிழ் எழுத்திலக்கணம் குறுக்கே வரும். ழ, ள, ற, ண, ன ஆகியவற்றில் சொல் தொடங்காது. ஆகவே பழுது, மறதி, சோதனை எல்லாம் ஆசை காட்டி ஏமாற்றும். ல, ர, ட ஆகியவற்றில் தொடங்கும் சொல்லுக்குப் பஞ்சம்தான், ஆனால் கணினித் துறை கைகொடுக்கிறது: லைவ், லைசென்ஸ், லிங்க், ரீபூட், டேட்டா.

தலைவலியை எடுத்துக்கொள்வோம். த, லை, வ, லி. புகார்: பிழைகளெல்லாம் லைவுக்குப் போன பிறகுதான் தெரிகின்றன. ‘தவறுகள் லைவில் வந்த லிஸ்ட்’ என்று போட்டால் எழுத்து சரி, வாக்கியம் நொண்டுகிறது, ஏனென்றால் வந்தது லிஸ்ட் இல்லை. ‘தவறுகள் லைவில் வரிசைகட்டும் லிஸ்ட்’ என்றால் நிமிர்ந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் இல்லாமல் வாக்கியமாகவே நிற்க வேண்டும்.

மேகக் கணிமைக்கு மாதா மாதம் பில் கட்டுபவர்களுக்கு மேகம் என்றால் ‘மேலும் கட்டணம்’. திருட்டு மென்பொருளுக்கு கவலை: ‘கட்டாமல் வந்த லைசென்ஸ்’.

குனு பாணியில் தன்னையே விழுங்கும் பெயர் வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். அல்ல, இல்லை இரண்டும் உயிரெழுத்தில் தொடங்குபவை. உயிரெழுத்தோ சொல்லின் முதலில் மட்டுமே நிற்கும். அதனால் ‘இது அது அல்ல’ என்ற அச்சு இங்கே படியாது. உயிர்மெய்யில் தொடங்கும் வினையில் முடித்துப் பாருங்கள். தாமதம்: ‘தாமதம் மறுபடியும் தரப்படும்’. எந்தத் திட்ட அட்டவணைக்கும் பொருந்தும்.

படி 9: எங்கே விடுவது என்று தீர்மானியுங்கள்

குழு அரட்டையில் விடலாம், சோதனைச் சர்வருக்குப் பெயராக வைக்கலாம். விளக்கக் குறிப்பு போட்டால்தான் சிரிப்பு வருகிறது என்றால் அதை வெளியே விடாதீர்கள். ஒரு தனி மனிதரைக் குத்துவது என்றால் அது எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

முக்கியமாக, தரவுத்தள அட்டவணைக்கும் நிரலின் மாறிகளுக்கும் இப்படிப் பெயர் வைக்க வேண்டாம். அங்கே ஏறிய பெயரை இறக்க அப்புறம் யாருக்கும் நேரம் கிடைக்காது. தணிக்கைக்கு வந்தவர் ‘தலைவலி 2’ என்ற அட்டவணையில் என்ன இருக்கிறது, ‘தலைவலி 1’ எங்கே போனது என்று கேட்டால், எழுத்துமூலமாகப் பதில் தர வேண்டியவர் நீங்கள்தான்.